மின்னலுக்கு எட்டாத புகை

2018 அக்டோபர் 31. திருவனந்தபுரம் மண்விளையில் பிளாஸ்டிக் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மாலையில் பிடித்த தீ இரவு முழுவதும் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் வரிசையாக வந்தன. சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். மறுநாள் காலை தீ அடங்கியபோது எரிந்துபோன கட்டடத்தை எல்லோரும் பார்த்தார்கள். இரவெல்லாம் எழுந்த கரும்புகை எங்கே போனது, யாருடைய நுரையீரலில் இறங்கியது என்று பார்க்க யாராலும் முடியாது.

மண்விளையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில் தும்பா இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். இந்த மீனவர் கிராமத்தை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்தநடுக்கோடு இதன் அருகே செல்வதுதான். இங்கே தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் பாய்கிறது. அதைச் சுமப்பது பிளாஸ்மா. பிளாஸ்மா என்ற சொல் ஊருக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதைச் சூழும் கடும் வெப்பத்தைத் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்க, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பிளாஸ்மா காற்றுச் சுரங்கமும் உண்டு.

அதே பிளாஸ்மாவைக் கொண்டு நச்சுக் காற்றைக் கழுவலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் வளர்ந்து வருகிறது. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் மண்விளைப் புகைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு கணக்கு.

திடப்பொருளைச் சூடாக்கினால் திரவம், திரவத்தைச் சூடாக்கினால் வாயு. வாயுவுக்கு மேலும் ஆற்றல் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வெளியே வருகின்றன. எலக்ட்ரான்களும் அவற்றை இழந்த அயனிகளும் கலந்த இந்தக் கலவைக்கு 1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். மின்னல் பிளாஸ்மா. வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிக்கும் ஒளி பிளாஸ்மா. குழல் விளக்குக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான்.

இதில் இரண்டு வகை. வெல்டிங் பொறி போன்ற சூடான பிளாஸ்மாவில் எல்லாத் துகள்களும் பல ஆயிரம் டிகிரியில் கொதிக்கின்றன. குழல் விளக்கு போன்ற குளிர்ந்த பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டும் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். சுற்றியுள்ள வாயு கைவைத்துப் பார்க்கும் சூட்டில்தான் இருக்கும். எலக்ட்ரான் மிக இலேசானது. அது மோதினால் மூலக்கூறு உடையும். ஆனால் காற்று சூடாகாது.

காற்றைக் கழுவ முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குளிர்ந்த வகை. 1857இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக இரு கண்ணாடிக் குழாய்களை வைத்து, இடைவெளியில் காற்றைச் செலுத்தி, இருபுறமும் உயர் மின்னழுத்தம் கொடுத்தார். ஆக்ஸிஜன் உடைந்து ஓசோன் ஆனது. கடையில் வாங்கும் குடிநீர் பாட்டிலில் ஓசோன் கலந்து சுத்திகரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தால், அது சீமென்ஸ் குழாயின் பேரப்பிள்ளை ஒன்றின் வேலை.

நச்சு வாயுவைச் சுத்தம் செய்யும் கருவியும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் காற்றை உடைக்கச் சுமார் 30,000 வோல்ட் தேவை. இடையில் கண்ணாடியோ பீங்கானோ தடுப்பாக இருப்பதால் ஒரே பெரிய பொறி கிளம்பாமல் ஆயிரக்கணக்கான நுண்ணிய மின்னல்கள் உண்டாகின்றன. அவற்றின் எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனையும் ஈரப்பதத்தையும் உடைத்து, எதையும் விட்டுவைக்காத துண்டுகளாக்குகின்றன. பெயின்டிலிருந்து வரும் டொலுயீன், பெட்ரோலில் உள்ள பென்சீன், சாக்கடையின் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு எல்லாவற்றையும் இந்தத் துண்டுகள் பிடித்துத் தின்கின்றன. எல்லாம் சரியாக நடந்தால் பென்சீனும் டொலுயீனும் கார்பன் டைஆக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாறும்.

இதன் மூத்த உறவினர் ஒருவர் நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிக்கு முன்னால் சாம்பலைப் பிடிக்கும் மின்நிலை வீழ்படிவிக் கருவியில் நடப்பதும் ஒரு வகை மின்னிறக்கம்தான். அது தூசியைப் பிடிக்கும், வாயுவைத் தொடாது. 1980களில் ஜப்பானின் செனிச்சி மசுதா, அகிரா மிசுனோ போன்றவர்கள் மின்சாரத்தை மிகக் குறுகிய துடிப்புகளாகக் கொடுத்து, கந்தக, நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் இந்த வழியில் நீக்கிக் காட்டினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் டீசல் எஞ்சின் புகையை வைத்து இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வெளிநாடுகளில் மீன் தீவன ஆலைகளின் நாற்றத்தை அடக்க இந்தக் கருவிகள் தொழில்ரீதியாகவே பயன்படுகின்றன.

சிக்கல் இல்லாமல் இல்லை. மூலக்கூறு பாதியில் உடைந்து நின்றுவிட்டால் உள்ளே போனதைவிட மோசமான பொருள் வெளியே வரக்கூடும். குளோரின் உள்ள நச்சு உடைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அதைக் கழுவத் தனி ஏற்பாடு வேண்டும். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் என்பதால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வரும். ஓசோன் வானத்தின் உயரத்தில் குடை, மூக்கருகே விஷம். கருவிக்குப் பின்னால் வினையூக்கிப் படுகை ஒன்றை வைத்து, மிஞ்சிய ஓசோனையும் அரைகுறைத் துண்டுகளையும் தீர்த்துக்கட்டும் முறையைத்தான் இப்போது விஞ்ஞானிகள் நாடுகிறார்கள். பிளாஸ்மா என்றும் அயனி என்றும் பெயர் சூட்டி வீடுகளுக்கு விற்கப்படும் காற்று சுத்திகரிப்பான்களை வாங்குபவர்கள் அது எவ்வளவு ஓசோனை வெளியிடுகிறது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது மின்கட்டணம். ஒரு லிட்டர் காற்றுக்கு 100 ஜூல் ஆற்றல் என்பது ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் அளவு. ஒரு கனமீட்டருக்கு ஒரு லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் 0.028 யூனிட். கேட்பதற்குச் சொற்பம். ஆனால் பெயின்ட் அடிக்கும் கூடம் ஒன்று மணிக்கு 10,000 கனமீட்டர் காற்றை வெளியேற்றினால் மணிக்கு 280 யூனிட் ஆகும். அதனால்தான் நச்சை முதலில் கரியிலோ சியோலைட்டிலோ உறிஞ்சி ஓரிடத்தில் குவித்துவிட்டு, குவிந்ததை மட்டும் பிளாஸ்மாவிடம் ஒப்படைக்கும் யோசனைகள் பிறந்தன. காற்று ஒரு குழாய் வழியே வந்தால் இவை எல்லாம் சாத்தியம்.

சூடான பிளாஸ்மாவின் வழி வேறு. அது காற்றைக் கழுவுவதைவிட, காற்றைக் கெடுக்கக்கூடிய குப்பையை முன்கூட்டியே பிடித்துச் சிதைக்கிறது. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் மருத்துவமனைக் கழிவுகளுக்காக இப்படி ஒரு உலையை உருவாக்கியது. ஊசி, குழாய், கையுறை எல்லாம் கலந்த கழிவு, ஆக்ஸிஜன் குறைந்த அறையில் பிளாஸ்மா சுடரின் வெப்பத்தில் வாயுவாகச் சிதைகிறது. அந்த வாயு அடுத்த அறையில் எரிக்கப்படுகிறது. 2016இன் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இந்த முறையையும் அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளன.

இவ்வளவு பாடுபடக் காரணம் டையாக்சின். பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை அரைகுறை வெப்பத்தில் எரித்தால் பிறக்கும் நச்சுக்குடும்பம் இது. புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெதுவாக ஆறும்போது, சாம்பல் துகள்களின் மேல் இது உருவாகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சிதைந்துவிடும். ஆனால் ஆறும்போது மறுபடி பிறக்கும். எனவே நல்ல உலையில் வாயுவைச் சட்டென்று குளிர்வித்து, அந்த ஆபத்தான வெப்பநிலையைத் தாண்டிவிடுகிறார்கள். மருத்துவக் கழிவு உலைகளின் புகையில் ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் டையாக்சின் கூடாது என்கின்றன 2016இன் விதிகள். நானோகிராம் என்பது கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய அளவைச் சட்டம் பேசுவதற்குக் காரணம், டையாக்சின் உடலில் நுழைந்தால் அதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்பதுதான். புகையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து பசுவுக்கு, பாலில் கலந்து குழந்தைக்கு வருகிறது. புற்றுநோய் தவிர ஹார்மோன் கோளாறுகளும் எதிர்ப்புசக்தி குறைவதும் அதன் கணக்கில் எழுதப்பட்டுள்ளன.

சட்டம் புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டது. குப்பை எரிந்ததோ தெருவில்.

திருவனந்தபுரத்தின் குப்பைக் கதை விளப்பில்சாலையில் தொடங்கியது. 2000இல் நகருக்கு வெளியே அந்தக் கிராமத்தில் குப்பையை உரமாக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஆலை தின்ன முடியாத குப்பை மலையாகக் குவிந்தது. கசிந்த நீர் ஓடைகளில் இறங்கியது. நாற்றமும் நோயும் பொறுக்க முடியாமல் மக்கள் திரண்டார்கள். 2011 டிசம்பரில் ஆலையின் வாயிலில் பூட்டு தொங்கியது. 2012இல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் போலீஸ் காவலோடு கொண்டுபோக முயன்றபோது கிராமமே சாலையில் உட்கார்ந்தது. தலைநகரத்தின் குப்பைக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று.

பிறகு நடந்ததை நகரத்தார் மறக்கமாட்டார்கள். தெருமுனை, காலி மனை, வாய்க்கால் கரை என்று எங்கே குப்பை சேர்ந்ததோ அங்கே தீ வைத்தார்கள். ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தத் தீ முழுதாக எரியாது. நாள் முழுக்கப் புகையும். டையாக்சின் பிறக்க அதைவிட வசதியான அடுப்பு கிடையாது. நெருக்கடியில் நடமாடும் எரிப்பு இயந்திரம் ஒன்றுகூட வரவழைக்கப்பட்டது. அதனால் தீர்வு வந்துவிடவில்லை.

இந்தப் புகையை அளக்கத் தெரிந்தவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். பாப்பனங்கோட்டில் உள்ள தேசிய ஆய்வகம் 1975இல் தொடங்கியது. பல ஆண்டுகள் வட்டார ஆராய்ச்சி ஆய்வகம் என்று அறியப்பட்டது. 2007 முதல் என்ஐஐஎஸ்டி. நானோகிராமுக்கும் கீழே டையாக்சினை அளக்கும் ஆய்வகம் இங்கே இருக்கிறது. கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2019இல் எரிந்தபோது அந்தக் காற்றைச் சோதித்து, டையாக்சின் இயல்பைவிட அதிகம் என்று அறிக்கை கொடுத்தது இந்த நிறுவனம்தான். 2023 மார்ச் 2 அன்று அதே கிடங்கு மறுபடி பற்றிக்கொண்டது. 10 நாளுக்கு மேல் கொச்சி புகைக்குள் மூழ்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு ரூ. 100 கோடி அபராதம் விதித்தது. அளந்தவர்கள் எச்சரித்துவிட்டார்கள், தீ எச்சரிக்கையைப் படிப்பதில்லை.

பிரம்மபுரத்திலோ மண்விளையிலோ பிளாஸ்மா என்ன செய்திருக்கும்? ஒரு எளிய கணக்கு போதும். திருவனந்தபுரம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 215 சதுர கிலோமீட்டர். தரையிலிருந்து 100 மீட்டர் உயரம்வரை உள்ள காற்று 2,150 கோடி கனமீட்டர். மேலே சொன்ன 0.028 யூனிட் வீதம் அதை ஒருமுறை கழுவ சுமார் 60 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கி மின்நிலையம் இரவும் பகலும் முழுத் திறனில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடினால்தான் அது கிடைக்கும். கழுவி முடிப்பதற்குள் கடல்காற்று பலமுறை வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருக்கும். திறந்தவெளியில் கிளம்பிய புகையைத் திரும்ப அழைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. பிளாஸ்மாவுக்குக் குழாய் வேண்டும்.

குழாய் உள்ள இடங்களில் அதற்கு வேலை நிறைய இருக்கிறது. கழிவுநீர் இறைக்கும் நிலையங்கள், வண்ணம் பூசும் பட்டறைகள், அச்சகங்கள், மீன் பதப்படுத்தும் ஆலைகள், ஆய்வகங்களின் காற்றுப் போக்கிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கேரளக் கடற்கரையில் நாற்றத்துக்காக நடந்த சண்டைகள் குறைவல்ல. ஆலைக்காரரும் அண்டை வீட்டுக்காரரும் ஒரே ஊரில் வாழ இத்தகைய கருவி உதவலாம்.

மருத்துவமனைக் கழிவில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. கேரளத்தின் மருத்துவக் கழிவில் பெரும்பகுதி பாலக்காட்டில் இந்திய மருத்துவச் சங்கம் நடத்தும் 'இமேஜ்' நிலையத்துக்குப் போகிறது. தெற்கே பாலோட்டில் இன்னொரு நிலையம் அமைக்க முயன்றபோது 2018இல் மக்கள் எதிர்த்தார்கள். பிறகு 2024 டிசம்பரில் நடந்தது தமிழகத்துக்குத் தெரியும். திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. நோயாளிகளின் விவரம் எழுதிய காகிதங்களே சாட்சி சொல்லின. பசுமைத் தீர்ப்பாயம் கண்டிக்க, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மூட்டைகளில் ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால் நெல்லைக் கிராமங்களும் விளப்பில்சாலையின் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

இதற்கு என்ஐஐஎஸ்டி சொல்லும் பதில் எரிக்காதே என்பது. அங்கே உருவான 'சிருஜனம்' என்ற தானியங்கிக் கருவி ரத்தம், சிறுநீர், சளி போன்றவற்றையும் ஆய்வகத் தட்டுகளையும் நெருப்பில்லாமல் கிருமிநீக்கம் செய்கிறது. 2025 பிப்ரவரியில் டெல்லி எய்ம்ஸில் அது தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 400 கிலோ திறன். நெருப்பு இல்லையேல் டையாக்சின் இல்லை. கழுவ வேண்டிய புகையும் இல்லை. பெரிய விஞ்ஞானம் சில சமயம் அடுப்பை அணைப்பதில் முடிகிறது.

நகரமும் ஏறக்குறைய அதே பாடத்தைத்தான் படித்தது. பெரிய ஆலை இனி கிடையாது என்றான பிறகு மாநகராட்சி குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது. ஈரக்குப்பை வீட்டுத் தொட்டியிலும் வட்டாரத்து உரத் தொட்டிகளிலும் மட்கத் தொடங்கியது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால், குடும்பஸ்ரீயோடு இணைந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போகிறார்கள். ஏற்பாடு இன்னும் பொத்தல்தான். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டு, இரண்டு நாள் கழித்துப் பிணமாகக் கிடைத்தார். தீயில் விழாத பிளாஸ்டிக் அங்கே தண்ணீரில் கிடந்தது.

பிளாஸ்மாவின் எதிர்காலம் ஆய்வகங்களில் முடிவாகும். மின்செலவு குறையும், வினையூக்கிகள் தேறும், கருவிகள் மலிவாகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அந்தக் கருவி எவ்வளவு தேறினாலும், தெருமுனைத் தீயின் புகை அதன் வாய்க்குள் வந்து நுழையப் போவதில்லை. அந்தப் புகையைத் தடுக்கும் வேலையை இப்போதைக்குச் செய்துகொண்டிருப்பது, தோளில் சாக்குப்பையோடு படியேறி வரும் ஹரித கர்ம சேனைப் பெண்தான். அவருக்குத் தரவேண்டிய மாதக் கட்டணத்துக்குப் பல வீடுகளில் இன்னும் பேரம் நடக்கிறது.